என் கைக்கு மட்டும் விரியும் குடை

எடவப்பாதி என்று இங்கே சொல்கிற பருவமழை பிடித்த அன்று காலை, என் வீட்டு வாசற்படியில் நின்று நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் நான் வாங்கும் குடையை என்னைத் தவிர ஒரு ஜீவனும் விரிக்கக் கூடாது. விரித்தால் நான் குழந்தைசாமி இல்லை.

சபதம் எடுக்கும்போது தொப்பலாக நனைந்திருந்தேன். ஆகவே அது கொஞ்சம் ஈரமான சபதம்தான். ஆனாலும் உறுதியானது.

மட்டாஞ்சேரியில் மழை என்றால் தூறல் சாரல் என்று சமாதானம் பேசாது. யாரோ மேலேயிருந்து அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, போதாதென்று அண்டாவையும் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். அந்த மழையில் வேலைக்குக் கிளம்புகிறேன். வீட்டில் ஒரு குடை இல்லை. குடை மாட்டுகிற ஆணி இருக்கிறது, குடை இல்லை.

"பாப்பா, கறுப்புக் குடை எங்கே?"

"அதை மேல்வீட்டு ரமேஷ்பாபு அண்ணன் கொண்டுபோனார்."

"நீலக் குடை?"

"மீன்காரச் சேச்சிக்குக் கொடுத்தேன். பாவம், கூடையோட நனைஞ்சு நின்னா."

"மீன் நனைஞ்சா என்ன பாப்பா? அது தண்ணியிலதானே பொறந்துச்சு?"

"மீனுக்கா கொடுத்தேன்? சேச்சிக்குல்ல கொடுத்தேன்."

"சரி, பூப்போட்ட குடை?"

"அதைக் கேக்காதீங்க. யாருக்குக் கொடுத்தேன்னு எனக்கே ஓர்மை இல்ல."

பாப்பா என் மனைவி. என் பேர் குழந்தைசாமி, அவள் பேர் பாப்பா. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்கள் எல்லாம், 'அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா?' என்று கேட்டார்கள். கல்யாணமான ஒரு வாரத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. பெரியவள் அவள்தான்.

வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். வாசலோரம் உட்கார்ந்திருப்பதால் தெருவில் நனைந்துகொண்டு போகிற ஒருவரும் அவள் கண்ணுக்குத் தப்பமாட்டார்கள். மழை பொது, அதனால் குடையும் பொது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் நனைந்த தொண்டன்.

நான் ஷட்டர் மெக்கானிக். திறப்பதும் மூடுவதும்தான் என் தொழில். பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கிலிருந்து எர்ணாகுளம் பிராட்வே துணிக்கடை வரைக்கும், உப்புக் காற்றில் துருப்பிடித்து மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஷட்டர் எதுவாக இருந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அவ்வளவு பெரிய ஷட்டரையே அடக்குகிறவனுக்கு ஒரு குடை எம்மாத்திரம்? குடை என்பது என்ன? தலைக்கு மேல் போடுகிற வட்ட ஷட்டர். அவ்வளவுதான்.

என்னோடு வேலை செய்யும் சங்கிலிப்பாண்டியிடம் இதைச் சொன்னேன்.

"குடைக்குப் பூட்டா அண்ணே?" என்றான்.

"பூட்டு இல்லடா. சூட்சுமம்."

"சாவி?"

"என் கைதான் சாவி."

அவன் என் கையைப் பார்த்தான். அதில் கிரீஸ் இருந்தது.

புதிதாக ஒரு நீளக் கறுப்புக் குடை வாங்கினேன். மலையாளத்தில் அதற்குக் காலன் குடை, அதாவது கால் நீண்ட குடை, என்று பேர். நமக்குக் காலன் என்றால் எமன். வாங்கும்போது நான் மலையாள அர்த்தத்தில்தான் வாங்கினேன்.

பொத்தானை அமுக்கினால் தானாக விரிகிற குடை அது. முதல் வேலையாகப் பொத்தானின் உயிரை எடுத்தேன். பொத்தான் இருக்கும், அமுக்கினால் அமுங்கும், ஒன்றும் நடக்காது. வாக்குக் கேட்டு வருகிறவர்களின் புன்னகை மாதிரி. நிஜமான விசை கைப்பிடிக்குள்ளே. கைப்பிடியை இடப்பக்கம் கால்வட்டம் திருப்பி, அப்படியே உள்ளங்கையால் மேலே ஒரு தள்ளு. பட்டென்று விரியும். மடக்குவதற்கும் அதே மாதிரி இடப்பக்கம் ஒரு திருப்பு, பிறகு கீழே ஓர் இழுப்பு.

மடக்குவதற்கு எதற்குச் சூட்சுமம் என்று நீங்கள் கேட்பீர்கள். சங்கிலிப்பாண்டியும் கேட்டான். விரித்த குடையை எவனாவது அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? மடக்க முடியாமல் விரித்தபடியே அலைய வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது. வீட்டுக்குள் நுழைய முடியாது. திருடனைக் குடையே காட்டிக்கொடுக்கும். எப்படி என் மூளை?

வீட்டுக்குப் போய்ப் பாப்பாவிடம் குடையை நீட்டினேன்.

"விரி பார்க்கலாம்."

பொத்தானை அமுக்கினாள். உலுக்கினாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மேல்வீட்டிலிருந்து ரமேஷ்பாபு இறங்கிவந்து, தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கையால் ஓங்கிக் குத்திப் பார்த்தார். முழங்காலுக்கிடையில் வைத்து இழுத்தார். குடை விரியவில்லை, அவர் வேட்டிதான் அவிழ்ந்தது.

நான் குடையைக் கையில் வாங்கினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு திருப்பு, ஒரு தள்ளு. பட்!

"ஹோ!" என்றார் ரமேஷ்பாபு.

"அய்யோ, என்ன மிடுக்கு!" என்றாள் பாப்பா. "அப்போ உங்களைத் தவிர யாருக்கும் விரிக்க முடியாது?"

"முடியாது."

"மடக்கவும்?"

"முடியவே முடியாது."

"நல்லதாப் போச்சு," என்றாள்.

மனைவி 'நல்லதாப் போச்சு' என்று சொன்னால் ஒரு கணவன் உடனே கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும். நான் அன்று ரெண்டு பப்படம் கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த சில நாட்கள் என் பொற்காலம். ஊரே நனைந்தது, நான் நனையவில்லை. குடை ஆணியில் தொங்கியது, ஆணியிலேயே தொங்கியது. கேட்டு வந்தவர்களிடம் பாப்பா, "எடுத்துக்கோங்க, விரிஞ்சா கொண்டுபோங்க" என்பாள். விரியாது. போய்விடுவார்கள்.

அப்புறம்தான் மஞ்சுஷா வந்தாள்.

மஞ்சுஷா எதிர்வீட்டுப் பெண். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அன்று நேர்முகத் தேர்வு. இஸ்திரி போட்ட சுரிதார், கையில் சர்டிபிகேட் பை, வெளியே பேய்மழை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைப் பாப்பா பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன்.

"அவளுக்குத்தான் விரிக்கத் தெரியாதே," என்றேன்.

"நீங்க விரிச்சுக் கொடுங்களேன்."

"மடக்க முடியாதே."

"இந்த மழையில எதுக்கு மடக்கணும்? போற வரைக்கும் தலைக்கு மேலதானே இருக்கப்போவுது?"

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் கல்லும் குடை கொடுக்கும். சுவர்ப்பக்கம் திரும்பி விரித்துக் கொடுத்தேன். நான் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஜார் ரோட்டுக்கு ஓடினேன்.

கிடங்கில் பாதி ஷட்டரைத் தூக்கியிருந்தோம். போன் அடித்தது. பாப்பா.

"ஏங்க, மஞ்சுஷா கடை வாசல்ல நிக்கிறா. குடை மடங்க மாட்டேங்குது. விரிச்ச குடையோட உள்ள விட மாட்டேங்கிறாங்களாம்."

"வெளியே வச்சுட்டுப் போகச் சொல்லு."

"வச்சாளாம். காத்து தூக்கிட்டுப் போச்சாம். பின்னாலயே ஓடிப் பிடிச்சாளாம். இப்ப கைப்பிடியை ரெண்டு கையால பிடிச்சுட்டு நிக்கிறா. எல்லாரும் உள்ள போயாச்சு. இவ பேரைக் கூப்பிடப்போறாங்க."

"குடையை விட்டுட்டுப் போகச் சொல்லு பாப்பா!"

"சொன்னேன். மாமாவோட குடையாச்சே, விடமாட்டேன்னு அழறா."

அழுகிறாள் என்றதும் என் நெஞ்சு மடங்கிவிட்டது. சங்கிலிப்பாண்டியிடம், "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றேன். அவன் தலைக்கு மேல் ஷட்டரோடு, "எவ்வளவு நேரம் அண்ணே?" என்று கேட்டது தூரத்தில் கேட்டது. அதற்குள் நான் படகுத்துறையில் இருந்தேன்.

படகில் ஒருவர் என்னைப் பார்த்து, "குடை எடுத்தில்லே சேட்டா?" என்று பரிவோடு கேட்டார்.

"குடையை மடக்கத்தான் போறேன்," என்றேன்.

அவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜவுளிக்கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் பளபளவென்று கண்ணாடிக் கதவு. அதன் முன்னால், காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு மஞ்சுஷா. குடை அவளைப் பிடித்திருந்ததா, அவள் குடையைப் பிடித்திருந்தாளா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து டை கட்டிய மேனேஜர் ஒருவர் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

"திரும்பி நில்லு மோளே," என்றேன். அந்த நிலைமையிலும் தொழில் ரகசியம் தொழில் ரகசியம்தான்.

பாவம், அவள் சொன்ன பேச்சு கேட்டுக் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒரு திருப்பு, ஓர் இழுப்பு. குடை பூனைக்குட்டி மாதிரி மடங்கியது. அவள் உள்ளே ஓடினாள்.

நான் வெளியே நின்றேன். என்னிடமிருந்து சொட்டிய தண்ணீரில் கடை வாசலைக் கழுவியிருக்கலாம். பிள்ளையாரே, இந்தப் பெண்ணுக்கு மட்டும் என்னால் இந்த வேலை போச்சென்றால், நான் ஆயுசுக்கும் ஷட்டரைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கே தாங்கமுடியாத வேண்டுதல். நல்லவேளை, அதற்கு அவசியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சுஷா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாமா, வேலை கிட்டிப்போயி! அடுத்தவங்க குடையை இப்படிக் காப்பாத்துற பொண்ணு எங்க சேலையை விடுமான்னு மேனேஜர் சொன்னார்!"

நான் குடையை விரித்தேன். இரண்டு பேரும் படகுத்துறை வரைக்கும் ராஜா மாதிரி நடந்தோம். வழியில் சாயாவும் பழம்பொரியும் அவள் வாங்கித் தந்தாள். சங்கிலிப்பாண்டியின் ஞாபகம் எனக்குப் பழம்பொரி தீர்ந்த பிறகுதான் வந்தது.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிக் குடையை விரித்துக் கொடுப்பதில்லை. பாப்பாவும் உடனே ஒத்துக்கொண்டாள்.

"சரிதான். குடையைத் தனியா அனுப்பினா ஆபத்து. இனி நீங்களும் கூடப் போங்க."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ரமேஷ்பாபுவுக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டும். நான் குடை பிடித்துப் போனேன். அவர் அரிசி வாங்குவதற்குள் ரேஷன் கடைக்காரரிடம் தபால் துறையின் சரித்திரத்தைச் சொல்லி முடித்தார். மீன்காரச் சேச்சிக்கு நாலு தெரு. அவள் கூவ, நான் பின்னால் குடையோடு நடக்க, 'புது ஆளை வச்சிருக்கியா சேச்சி?' என்று ஜன்னலுக்கு ஜன்னல் கேட்டார்கள். கோயிலுக்கு ஒருத்தர், ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர், முடிவெட்டிக்கொள்ள ஒருத்தர். முன்பெல்லாம் எதிரே வருகிறவர்கள் வேலை எப்படி என்பார்கள். இப்போது, "நாளைக்குப் பத்து மணிக்கு ஒழிவு உண்டா?" என்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பாப்பா. சுள்ளிக்கலில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனவள் அவள். தலைவலி, கால்வலி, ஷட்டர் வலி என்று எத்தனையோ சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது எங்கே தப்பிப்பது?

"மழை வருது. நீங்க வராம நான் எப்படிப் போறது? எனக்குத்தான் விரிக்கத் தெரியாதே!"

போனோம். அங்கே போனோம், காய் வாங்கப் போனோம், நூல் வாங்கப் போனோம், ஒன்றும் வாங்காமலும் போனோம். ஒரே குடை. என் இடத்தோள் நனையும், அவள் வலத்தோள் நனையும். நடுவில் இருக்கிற ரெண்டு தோளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். அவள் தெருக்கதை எல்லாம் சொல்லுவாள். நான் 'உம்' கொட்டுவேன். உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில் நல்ல வெயில். குடையை ஆணியிலேயே விட்டுவிட்டு பிராட்வேக்கு வேலைக்குப் போனேன். என்ன பயம்? யார் விரிக்கப்போகிறார்கள்?

ஒரு பாத்திரக்கடை ஷட்டர் முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நானும் சங்கிலிப்பாண்டியும் உள்ளே மல்லாந்து படுத்து வேலை பார்த்தோம். மத்தியானம் மழை பிடித்தது. ஷட்டருக்கு அடியில் தெரிகிற ஒரு முழ உலகத்தில் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களுக்கு நடுவே இரண்டு ஜோடி மட்டும் ஓடவில்லை. சாவகாசமாக நடந்து வந்து எதிரே சாயாக்கடை வாசலில் நின்றன.

கைப்பிடி திரும்புகிற கடக்கென்ற ஒரு சத்தம். பிறகு ஒரு கறுப்புக் குடை மடங்கி, நுனி தரையில் ஊன்றியது.

என் சத்தம். என் கையால் செய்த சத்தம். பெற்ற பிள்ளையின் இருமல் தகப்பனுக்குத் தெரியாதா?

"அண்ணே," என்றான் சங்கிலிப்பாண்டி, "அது உங்க குடை மாதிரி இருக்கே."

"உலகத்துல கறுப்புக் குடை ஒண்ணுதானா? வேலையைப் பாரு."

"அந்தச் செருப்புல இருக்கிறது, அண்ணி செருப்புக்கு நீங்க போட்ட கட்டுக்கம்பி மாதிரி இருக்கே."

"ஊர்ல எல்லாரும்தான் கம்பி கட்டுறான்."

"சேச்சி, ரெண்டு சாயா, ரெண்டு பரிப்புவடை," என்று பாப்பாவின் குரல் கேட்டது. கூடவே மஞ்சுஷாவின் சிரிப்பு.

சங்கிலிப்பாண்டி ஸ்பானரை வாயில் கடித்துக்கொண்டான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் செய்வான்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். பாப்பா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் குப்பியும் என் குடையும்.

"எர்ணாகுளம் போயிருந்தியா?"

"ஆமா. மஞ்சுஷாவுக்கு லீவு. சும்மா ஒரு நடை போயிட்டு வந்தோம்."

"மழை பெஞ்சதே?"

"குடை இருந்துச்சே."

"குடையை யாரு விரிச்சா?"

"நான்தான்," என்றாள். ஒரு வெட்கம் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தக்கூட இல்லை.

"எப்படி?"

"அன்னிக்கு நீங்க அவளைத் திரும்பி நிக்கச் சொன்னீங்களே, கண்ணாடிக் கதவுல எல்லாம் தெரிஞ்சுதாம். வந்து சொல்லிட்டா. ஆனா அவ சொல்லியிருக்கவே வேண்டாம். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே போதும். கைப்பிடியை இடப்பக்கம் திருப்புறப்போ உங்க நாக்கும் இடப்பக்கம் போவும். மேல தள்ளுறப்போ ரெண்டு புருவமும் மேல போவும். நீங்க குடையைத்தான் சுவர்ப்பக்கம் மறைக்கிறீங்க. கன்னம் தெரியுதே!"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்போ இத்தனை நாளா சுள்ளிக்கலுக்கும் சந்தைக்கும் என்னை எதுக்கு இழுத்துட்டுப் போனே?"

"நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படி ஒத்துக்கொள்வது? கோபத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"இனி என்னால முடியாது. தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு, உனக்கும் விரிக்கத் தெரியும்னு. நீயே எல்லாருக்கும் விரிச்சுக் கொடு."

"சொல்லிடவா?" என்றாள் பாப்பா. "குழந்தைசாமி செஞ்ச சூட்சுமத்தை நைட்டி தைக்கிறவ கண்டுபிடிச்சுட்டான்னு சொல்லிடவா? ஒரு பொண்டாட்டிகிட்டயே நிக்காத பூட்டு நம்ம கடை ஷட்டர்ல நிக்குமான்னு பஜார் ரோட்டுல நாலு பேர் கேப்பாங்க. பரவாயில்லையா?"

குடையை மடக்குவதற்கு நான் எத்தனை நாள் மூளையைக் குடைந்தேன்! என்னை மடக்குவதற்கு அவளுக்கு ஒரு நூல் கோக்கிற நேரம்தான் ஆயிற்று.

"சொல்ல வேண்டாம்," என்றேன்.

"அதான் எனக்கும் தோணிச்சு. உங்க பேர் கெடக் கூடாதுல்ல?"

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ரமேஷ்பாபு. பின்னால் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மூன்று பேர்.

"குழந்தைசாமி! இவங்க நம்பவே மாட்டேங்கிறாங்க. அந்தக் குடையை ஒரு தடவை விரிச்சுக் காட்டுங்க. அப்படியே படகுத்துறை வரைக்கும் இவங்களைக் கொண்டுவிட்டுட்டு வந்துடலாம்."

விருந்தாளிகளில் ஒருவர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். இன்னொருவர் இழுத்துப் பார்த்தார். மூன்றாமவர், "அபாரம்!" என்று தலையை ஆட்டினார். என் மார்பு என்னைக் கேட்காமலே விரிந்தது. என்ன இருந்தாலும் கண்டுபிடித்தவன் நான்தானே? குடையை வாங்கினேன். கன்னம் தெரியாமல் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். நாக்கைப் பல்லுக்குள் பிடித்து வைத்தேன். கைப்பிடியை இடப்பக்கம் கால்வட்டம் திருப்பினேன்.

திரும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பினேன். என் கழுத்துதான் திரும்பியது. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரமேஷ்பாபு தொண்டையைக் கனைத்தார்.

பாப்பா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னாள்:

"காலையில எண்ணெய் போடுறப்போ வலப்பக்கமா மாத்திட்டேன்."